ஒருக்கால்தான் கேட்பினம்

மேசையில் கோப்பை எதுவும் இல்லை. என்றாலும் கஜானி அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, சிந்திவிடாத கவனத்தோடு பிரியந்தினியின் பக்கம் நீட்டினாள்.

"வுட் யூ லைக் சம் ரீ?"

"நோ, தாங்க் யூ," என்றாள் பிரியந்தினி. "ஐ ஜஸ்ட் நவ் ட்ரிங்க் அண்ட் கம்."

புத்தகத்தில் அப்படி இல்லை. புத்தகத்தில் அந்தப் பெண் உடனே 'யெஸ், ப்ளீஸ்' என்று சொல்லி, பாலும் கொஞ்சம் சீனியும் கேட்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு நீலக் கேத்தில். அதற்கும் பின்னால் மழை வழியும் ஜன்னல். பிரியந்தினிக்கு அந்தப் படம் பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே என்ன மரம் நிற்கும், அந்தத் தெருவில் இந்த நேரம் யார் நடந்துபோவார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். சொல்ல வேண்டிய பதிலும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒருவர் கோப்பையை நீட்டினால் வாய் தன்பாட்டில் வேண்டாம் என்றுவிடுகிறது.

ஒரு வீட்டுக்குப் போன இடத்தில், கேட்டவுடன் ஓம் என்று சொன்னால், பசியோடு வந்தவள் என்றல்லவா நினைப்பார்கள்? முதல்முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை, இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் குசினிக்குப் போய்விடுவாள். அவள் கோப்பையோடு திரும்பி வரும்போது, சரி, அரைக் கோப்பை போதும் என்று வாங்கிக்கொள்ளலாம். குருநகரில் வளர்ந்த பிரியந்தினிக்கு இது தெரியும். உடுவிலில் வளர்ந்த கஜானிக்கும் தெரியும். ஆகவே அவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "ப்ளீஸ் அக்கா, ட்ரிங்க்," என்று வற்புறுத்தினாள். இன்னொரு முறையும் வற்புறுத்தினாள். கடைசியில் பிரியந்தினி, "ஓக்கே. லிற்றில்," என்று காற்றை வாங்கிக்கொண்டாள்.

உதயகலா ரீச்சர் இதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொக்குவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், தன் வீட்டு மாடியில் அவர் இந்த வகுப்பை நடத்துகிறார். வருகிறவர்களில் அநேகமானோர் லண்டனில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகக் காத்திருப்பவர்கள். விசாவுக்கு முன் கொழும்பில் ஒரு சின்ன ஆங்கிலப் பரீட்சை இருக்கிறது. எழுதத் தேவையில்லை. இருவர் இருவராக உட்கார்ந்து கதைக்க வேண்டும், கேட்டு விளங்க வேண்டும். அவ்வளவுதான்.

ரீச்சர் பத்திரிகையில் ஒரு மெல்லிய துண்டைக் கிழித்து, பிரியந்தினியின் உதடுகளுக்கு முன்னால் பிடித்தார். ப்ளீஸ் சொல்லச் சொன்னார். சொன்னாள். கடதாசி அசையவில்லை. எங்கள் 'ப' வாய்க்குள்ளேயே நின்றுவிடும், அவர்களுடையது கொஞ்சம் காற்றையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும் என்று ரீச்சர் விளக்கினார். பிறகு இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"உங்கடை உபசரிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் பரீட்சையிலை ஒருக்கால்தான் கேட்பினம் பிள்ளையள். வேண்டாமெண்டால் தேத்தண்ணியும் இல்லை, மாக்ஸும் இல்லை."

வகுப்பு சிரித்தது. பிரியந்தினியும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள்.

இன்றைக்கு இதுதான் கடைசி வகுப்பு என்று முடிவெடுத்துக்கொண்டுதான் அவள் பஸ் ஏறியிருந்தாள். ஆடி மாதப் பரீட்சைக்குப் பெயர் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவளுக்கு இனி அந்தப் பரீட்சை எதற்கு?

அவளுடைய கணவன் சுரேஸ் பதினேழு வயதில் குருநகரை விட்டு லண்டனுக்குப் போனவன். இரண்டு வருடங்களுக்கு முன் வந்து, கோவிலில் அவள் கையைப் பிடித்து, ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினான். தை மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில், பேப்பர் வேலைகள் சரி, உம்மைக் கூப்பிட ஸ்பொன்சருக்குப் போடட்டா, வர விருப்பமா என்று கேட்டான். எவ்வளவு காலமாக அவள் காத்திருந்த கேள்வி. ஆனால் அவள் சொன்னது, இப்போது என்ன அவசரம், நீங்கள் உங்கள் அலுவலைப் பாருங்கள், அம்மாவும் இங்கே தனியத்தானே என்பதைத்தான். அம்மா செபஸ்தியம்மா தனிய இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணை குடும்பத்தோடு இருக்கிறார். சுரேசுக்கும் அது தெரியும்.

அவன் இரண்டாம் முறை கேட்கும்போது என்ன சொல்வது என்று அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். உங்களுக்குக் கஷ்டமில்லை என்றால் யோசிக்கலாம் என்பாள். அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் கோபித்துக்கொள்வான். அப்போது ஓம் என்று சொல்லிவிடுவாள்.

அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை. "சரி, உம்மடை விருப்பம்," என்றான்.

அதன்பின் அந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தான். அங்கே பெய்த மழை, இவள் சாப்பிட்ட கறி, தான் வேலை செய்யும் பேக்கரியில் புதிதாக வந்த மெஷின் எல்லாம் கதைத்தான். அது மட்டும் இல்லை. இப்போது ஆனி மாதம். ஒரு வேண்டாமோடு விட்டுவிடுகிறவன் விருப்பத்தோடு கேட்டிருக்கமாட்டான், கடமைக்குத்தான் கேட்டிருப்பான் என்று அவள் தீர்மானித்திருந்தாள். அம்மாவிடம், பேப்பர் வேலை நடக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள்.

கொழும்புக்குப் போகும் ரயில் கீழே தடதடத்தது. அது போய் முடியும்வரை வகுப்பு வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தது. பிறகு வாசிப்புப் பகுதியைத் திறந்தார்கள்.

ஆளுக்கொரு வரியாக வாசித்தார்கள். பீற்றரும் மேரியும் ஒரு சிறிய வீட்டில் வசிக்கிறார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பீற்றர், கடலுக்குப் போவோமா என்று கேட்கிறான். இல்லை, எனக்கு வேலை இருக்கிறது என்கிறாள் மேரி. பீற்றர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியாகப் போகிறான். கடலைப் பார்க்கிறான். மேரியை நினைக்கிறான்.

மற்றவர்களுக்கு அவர்கள் வெள்ளைக்காரர்கள். பிரியந்தினிக்கு அப்படி இல்லை. குருநகரில் பீற்றர் இல்லாத ஒழுங்கை கிடையாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் நடந்துபோகிற ஒருவனாகத்தான் அவள் அவனைக் கண்டாள். வாசலில் நின்ற மேரியையும் கண்டாள். மேரியின் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

முதல் கேள்வி, பீற்றர் ஏன் தனியாகப் போனான்? பதில்களை எழுதி வாசிக்கச் சொன்னார் ரீச்சர். மேரி கோபமாக இருந்ததால் என்று எழுதியிருந்தாள் கஜானி. கதிரவேலு அண்ணை, அவர் ஓட்டோ ஓட்டுபவர், சுற்றுலாப் பயணிகளோடு கதைப்பதற்காக வகுப்புக்கு வருபவர், பீற்றருக்குக் கடற்கரையில் வேறொருத்தி காத்திருந்ததால் என்று எழுதியிருந்தார். பிரியந்தினி தன்னுடையதை மெதுவாக வாசித்தாள். பீற்றருக்கு மேரி வேண்டாம் என்பதால்.

மூன்றும் பிழை என்றார் ரீச்சர். மேரி இல்லை என்று சொன்னதால். அதுதான் பதில்.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்ட கேள்விக்கு அவள் பின் என்ன சொல்வாள், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாளா என்று கஜானி கேட்டாள். பின்வரிசைப் பெண்களும் மேரியின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

"ஒருக்கால் கேட்டிட்டுத் தொப்பியோடை வெளிக்கிடுறவன் என்ன புருசன் ரீச்சர்?" என்றார் கதிரவேலு அண்ணை. "உவனை என்ரை ஓட்டோவிலை ஏத்தமாட்டன்."

சிரிப்பு அடங்கியபோது பிரியந்தினி சொன்னாள். "மேரி சும்மாதானே வேலையெண்டு சொன்னவள்."

"சும்மா சொன்னவள் எண்டு எந்த வரியிலை இருக்கு பிள்ளை?"

பிரியந்தினி தேடினாள். கஜானியும் குனிந்து தேடினாள். அப்படி ஒரு வரி இல்லை.

"எழுதியிருக்கிறதைப் படியுங்கோ, உங்கடை மனசிலை இருக்கிறதை இல்லை," என்றார் ரீச்சர். குரலில் கண்டிப்பு இல்லை. "மேரி நோ எண்டவள். பீற்றர் அதை நம்பினவன். வேண்டாமெண்ட ஆளைத் திருப்பிக் கேட்கிறது அங்கை ஆக்கினைப்படுத்துற மாதிரி. கேளாமல் விடுறதுதான் மரியாதை."

"அப்ப அவனுக்கு விருப்பமில்லாமல் இல்லையோ?" என்றாள் பிரியந்தினி.

"கடைசி வரியிலை என்ன இருக்கு?"

கடைசி வரியை வாசித்தது பிரியந்தினிதான். உச்சரிப்பில் கவனம் வைத்து, பிழையில்லாமல் வாசித்திருந்தாள். என்ன வாசித்தோம் என்று பார்க்கவில்லை. இப்போது விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனாள். அவன் மேரியை நினைக்கிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் ஆங்கிலம்.

வகுப்பு முடிந்து ரீச்சர் பரீட்சைக்குப் பெயர் கேட்டபோது, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

குருநகரில் பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே இறங்குதுறைக்கு நடந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. தொழிலுக்குப் போகும் படகுகளில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்தான் தொலைபேசி எடுப்பார், இங்கே இருப்பவர் காத்திருப்பார். இரண்டு வருடங்களில் அவள் ஒருநாளும் தானாக எடுத்ததில்லை. இன்று எடுத்தாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் சுரேசின் குரல் வந்துவிட்டது.

"என்ன பிரியா? மாமிக்கு என்னவும்…"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நான் சும்மா எடுத்தனான்." அந்தச் சொல்லை உடனே திருத்தினாள். "சும்மா இல்லை. தை மாதம் என்னட்டை ஒண்டு கேட்டனீங்கள்."

அந்தப் பக்கம் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அவன் எங்கோ நடந்துபோவதும் ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டது. இரைச்சல் குறைந்தது.

"ஓம். நீர் வேண்டாமெண்டு சொன்னனீர்."

"அவசரமில்லை எண்டனான்."

"அதுக்கென்ன கருத்து?"

"திருப்பிக் கேளுங்கோ எண்டு கருத்து."

அவன் நீளமாக மூச்சு விட்டான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். தான் இருக்கும் சின்ன அறையை வீடியோவில் காட்டியது பிழையாகப் போய்விட்டது என்று நினைத்தானாம். அம்மாவை விட்டு வர மனமில்லாதவளை இழுத்தால், ஒவ்வொரு குளிர் காலையிலும் அவள் அவனைத்தான் நொந்துகொள்வாள் என்று பயந்தானாம். அன்று பஸ்ஸில் இருந்துதான் கேட்டிருக்கிறான். இறங்க வேண்டிய இடம் போனதும் தெரியாமல் கடைசித் தரிப்புவரை போயிருக்கிறான். லண்டனில் முதன்முதலாக வேலைக்குப் போன நாளில் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்றானாம். அதோடு சரி. அன்று முழுக்கப் பட்டினி. அதற்குப் பிறகு ஒரே கேள்வியில் ஓம் சொல்லப் பழகிவிட்டான். மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே எடுக்கப் பழகியது தனக்கே தெரியவில்லை என்றான்.

"நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையெண்டு நினைச்சனான்," என்றாள்.

"இப்ப திருப்பிக் கேட்கட்டோ?" என்றான் அவன்.

ஒரு படகின் எஞ்சின் இரையத் தொடங்கியது. பிரியந்தினி கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவன் கேட்டால் தன் வாய் மறுபடியும் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாது. முப்பது வருடப் பழக்கம், ஒரு பின்னேரத்தில் விட்டுப்போகாது.

"வேண்டாம். நீங்கள் கேட்காதைங்கோ," என்றாள். "நான் வாறன். எனக்கு உங்களோடை இருக்கவேணும்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் ஒருமுறை தொலைபேசியைப் பார்த்தாள். அறவில்லை. அவன் மறுபடியும் பேசியபோது குரல் மாறியிருந்தது. பரீட்சை எப்போது என்று கேட்டான். பாஸ் பண்ணுவீரோ என்று கேட்டான். தெரியாது, பயமாக இருக்கிறது, நாளைக்குப் பெயர் கொடுக்கிறேன் என்றாள். அம்மாவிடம் தான் கதைக்கட்டா என்றான். இல்லை, அதையும் நானே சொல்கிறேன் என்றாள். சொல்லும்போது அம்மா அழுவாள், பிறகு யார் யாருக்கு என்னென்ன கொடுத்தனுப்புவது என்று தொடங்குவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவனுடைய பக்கத்தில் கதவு திறந்து இரைச்சல் உள்ளே வந்தது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். சுரேஸ் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னான். பிரியந்தினி மூச்சைப் பிடித்துக் கேட்டாள். வகுப்பில் போல ஒவ்வொரு சொல்லாக வரவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. அந்த ஓட்டத்தில் அவள் பிடித்தது இரண்டு சொற்கள்தான். மை வைஃப்.

கூப்பிட்டவருக்கு அது கேட்கவில்லை போலும். என்னவென்று திருப்பிக் கேட்டார். சுரேஸ் இன்னும் சத்தமாக அதையே சொன்னான்.