பிரிஞ்சாங்கில் தங்கிவிட்ட குரல்

1975ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை வேலாயியின் குரல் பிரிஞ்சாங் கடைத்தெருவில் தங்கிவிட்டது. வேலாயி மட்டும் தேயிலை எஸ்டேட் லோரியில் ஏறி வீடு வந்து சேர்ந்தாள். லோரியில் கூட வந்தவர்கள் கிழவிக்குக் களைப்பு என்று நினைத்தார்கள். திங்கட்கிழமை காலை ஆள் கணக்கு எடுக்கும்போது கங்காணி காளியண்ணன் பேர் கூப்பிட, வேலாயி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்ததாலும் கொழுந்து அதிகமாக இருந்ததாலும் அதைப்பற்றி யாரும் மேற்கொண்டு பேசவில்லை.

அந்தக் குரலுக்கு எஸ்டேட்டில் ஒரு வேலை இருந்தது. மலையில் பனிமூட்டம் சொல்லிக்கொண்டா வருகிறது? கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும் கையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். செடி நிரை முடிகிற இடத்தில் பள்ளம். அதனால் பனி இறங்கியதும் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க, வேலாயி பாறைமேல் ஏறி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். பேருக்கு உரியவர் அதே சத்தத்தில் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் செல்லாது. ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் அவள் நிறுத்த மாட்டாள், யாரும் இறங்க மாட்டார்கள். பதில் இல்லாத கூப்பாடு இறங்காது என்பது அந்த மலையின் சட்டம். ஒரு துரை இதையெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி வெண்கல மணி ஒன்று வாங்கி மாட்டினார். மணிக்கு ஆள் பேர் தெரியாது. இரண்டாம் மாதமே அது கோயிலுக்குப் போய்விட்டது.

வேலாயி கூப்பிடும் கடைசிப் பேர் பவளம். மகளின் மகள். மகள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள், மருமகன் கிளந்தானுக்கு மரம் வெட்டப் போனவன் போனவன்தான். பச்சைக் குழந்தையைக் கொழுந்துக் கூடையில், இலைமேல் படுக்கவைத்து முதுகில் சுமந்தே வேலாயி வளர்த்தாள். நடக்கத் தெரிந்ததும் கொழுந்து நிறுக்கும் நிறுவைக் கொட்டகையில் விட்டுவிட்டு மலை ஏறுவாள். வேலைக்காரி இல்லைதான், ஆனாலும் பேர் கூப்பிடும்போது அவளையும் கூப்பிடுவாள். "இருக்கேன் அம்மாயி!" என்று கொட்டகையிலிருந்து வரும் கீச்சுக் குரலைக் கேட்டு மலை முழுவதும் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடுதான் எல்லாரும் கீழே இறங்குவது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், விடியலில் அந்தக் குளிரில் பிள்ளை உடம்பு நடுங்கக் கூடாது என்று, வேலாயி அவளுடைய சீருடையை வெந்நீர்ப் பானைமேல் விரித்துச் சூடாக்கி வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினால் போதும், சூடான சட்டை உடம்பில் ஏறும். இத்தனை வருடம் கழித்தும் பவளத்துக்கு அன்பு என்றால் அந்தச் சூடுதான் நினைவுக்கு வருகிறது. கூடவே ஒரு வெட்கமும் வருகிறது.

ஏனென்றால் வெந்நீர் அடுப்பு விறகு அடுப்பு. கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளைத்தான் எரிப்பார்கள். தானா ராத்தா இடைநிலைப் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த ஜெயா, ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸரின் மகள், நல்ல பெண்தான், மூக்கைச் சுளிக்காமல்தான் கேட்டாள்: "ஒன் சட்டையில ஏன்லா எப்பவும் பொக வாசம் வருது?" அன்றையிலிருந்து பவளம் சட்டைக்குள் பவுடர் கொட்டத் தொடங்கினாள். தங்களுக்குக் கம்போங் ராஜாவில் கடை இருப்பதாகவும், அப்பா சரக்கு எடுக்க ஈப்போ போயிருப்பதாகவும் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் அவள் சாமர்த்தியக்காரி, இரண்டு வருடம் மறைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை தோழிகளோடு படம் பிடித்துக்கொள்ளப் பிரிஞ்சாங் போனாள். புகை வாசத்துக்குப் பயந்து கம்பளிச் சட்டையை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளை மறந்துவிட்டதாக வேலாயி நினைத்தாள். வேலை முடிந்ததும், இடுப்பில் கட்டிய படுதாவும் தலைத்துண்டும் முழங்கால்வரை சேறுமாக, சட்டையைச் சூடாக்கி மார்புக்குள் மடித்து வைத்துக்கொண்டு, சாமான் வாங்கப் போகும் லோரியில் ஏறிவிட்டாள். பிரிஞ்சாங்கில் இறங்கவும் கடைத்தெருவில் பனி இறங்கவும் சரியாக இருந்தது. பனியில் ஒரு பிள்ளையைத் தேட வேலாயிக்கு ஒரே வழிதான் தெரியும். ரொட்டிக்கடைப் படியில் ஏறி நின்று, மலையில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள்.

"பவளம்... ஏ பவளம்..."

முட்டைக்கோசுக்கு விலை பேசிக்கொண்டிருந்த சீனர்கள் நிமிர்ந்தார்கள். ஹோட்டல் மாடியில் ஜன்னல்கள் திறந்தன. ரொட்டிக்கடைக் கண்ணாடி முன்னால் தோழிகளோடு நின்ற பவளத்துக்குக் காதுமடல் சூடானது.

"ஒன் பேரத்தானே கூப்புடுறாங்க? யாருலா அது?" என்றாள் ஜெயா.

"எனக்குத் தெரியாதுலா. வேற பவளமா இருக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, பனி விலகியது. கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கு எட்டும் தூரத்தில் அம்மாயி நின்றாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. வேலாயி வாயை மூடிக்கொண்டாள், கம்பளிச் சட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள், திரும்பி லோரிப் பக்கம் நடந்தாள். அவள் போன பிறகு பனி மறுபடி மூடியது, ரொட்டிக்கடைப் படிமேலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் விடியலில் பவளம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கம்பளிச் சட்டை எப்போதும்போலச் சூடாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகைக்கு அளவே இல்லை. அழுதாளே தவிர, பிரிஞ்சாங் போய்ப் பதில் சொல்லவில்லை.

பிரிஞ்சாங் அந்தக் குரலுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. பனி இறங்கினால் கூப்பிடும், விலகினால் நிற்கும். ரொட்டிக்கடையின் சீன முதலாளி, தவுக்கே, முதலில் போலீசில் சொன்னார். கார்ப்பரல் வந்து படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத குரலைப் பிடித்துப்போகத் தன்னிடம் விலங்கு இல்லை என்றார். கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார். குரல் மழையில் கொஞ்சம் கனத்தது, வெயிலில் தேறியது. நாளாக ஆக, காய்கறி லோரிக்காரர்கள் குரல் கேட்டால் விளக்குப் போட்டார்கள், துணி காயப்போட்டவர்கள் ஓடி எடுத்தார்கள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு வரும் சீனத்தி ஒருத்தி, பவளம் என்றால் தமிழர்கள் சாப்பிடும் ஏதோ கீரை என்று நினைத்து, அதைப் பயிர் செய்ய விதை கிடைக்குமா என்று பலரிடம் விசாரித்தாள்.

எஸ்டேட்டில் எல்லாருக்கும் அது யார் குரல் என்று தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த வீட்டுச் செல்லம்மா நேரடியாகவே கேட்டாள்: "ஏன்டி பவளம், ஒங்கம்மாயி கூப்புட்டப்ப நீ அங்கதான இருந்த?" பவளம் வாய் திறப்பதற்குள் வேலாயி குறுக்கே வந்து, இல்லை, காற்று பலமாக இருந்தது, பிள்ளை காதில் விழவில்லை என்று கையாலேயே சொன்னாள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதே சைகை. தன்னைப் பொய்யிலிருந்து காப்பாற்ற அம்மாயி இன்னொரு பொய் சொல்கிறாள் என்பது பவளத்துக்கு வலித்தது, அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முன்பு அம்மாயியை நினைத்து வெட்கப்பட்டவள், இப்போது தன்னை நினைத்து வெட்கப்பட்டாள். இரண்டாவது வெட்கத்துக்குப் பவுடர் உதவாது.

மலையில் பேர் கூப்பிட ஆள் இல்லாமல் போனது. காளியண்ணன் கூப்பிட்டுப் பார்த்தார். பீடி குடித்த தொண்டை, பாதிப் பள்ளம் தாண்டவில்லை. அடுத்த வருடம் அதே மலையில் வேலை செய்யும் தங்கையா பனியில் வழி தவறிப் பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்தான். யாரும் பவளத்தைக் குறை சொல்லவில்லை. தங்கையாவே சொல்லவில்லை. அவன் நொண்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் உள்ளே போய்விடுவாள்.

ஒரு தடவை, கடை திறக்கும் முன் வந்த பனியில் போய்ப் படியோரம் நின்று, "இருக்கேன்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். குரல் நிற்கவில்லை. முணுமுணுத்தால் செல்லாது என்பது அவளுக்குத் தெரியாததா? ஊர் கேட்கக் கத்த வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் படிவம் முடித்ததும் வேறெங்கும் வேலை கிடைக்காமல், அதே கடைத்தெரு ஹோட்டலில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். பனி இறங்கும்போதெல்லாம் தன் பேர் கூப்பிடப்படுவதைக் கேட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். கோலாலம்பூரிலிருந்து வந்த விருந்தாளிகள் அது என்ன சத்தம் என்று கேட்பார்கள். "அது ஒரு மலைப் பறவை" என்று அவள் சொல்வாள். எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குச் சாம்பல் நிறம், கண்ணில் படாது என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். அம்மாயியைத் தெரியாது என்று ஒரு நாள்தான் சொன்னாள். பறவை என்று வருடக்கணக்கில் சொன்னாள்.

1983இல் வேலாயி படுத்துவிட்டாள். கஞ்சி இறங்கவில்லை. உதடு மட்டும் ஓயாமல் அசைந்தது. ஊமை வாயில் என்ன பேர் ஓடுகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பவளத்துக்குத் தெரிந்தது. "கூப்பாடு எறங்காம உசுரும் எறங்காது புள்ள" என்றார் பார்க்க வந்த காளியண்ணன். ஆளைச் சுடும் பேச்சுக்கு அது போதும்.

அன்றும் சனிக்கிழமை. பவளம் கிடைத்த லோரியில் ஏறிப் பிரிஞ்சாங் போனாள். சந்தைக்கூட்டம் தோளை இடித்தது. ஹோட்டல் மேனேஜர் வாசலில் நின்றார். ரொட்டிக்கடையில் ஜெயா, டீச்சராகிவிட்டவள், பிள்ளைக்குப் பன் வாங்கிக்கொண்டிருந்தாள். பனி இறங்கியது, குரல் கூப்பிட்டது. பவளம் படியில் ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டு, நிறுவைக் கொட்டகையில் நிற்கிற பிள்ளையாக, தொண்டை கிழியக் கத்தினாள்:

"இருக்கேன் அம்மாயி! நான் இங்கதான் இருக்கேன்! அன்னைக்கும் இங்கதான் இருந்தேன்!"

தராசுகள் நின்றன. குரலும் நின்றது. எட்டு வருடத்தில் முதல்முறையாகக் கடைத்தெரு பனியில் அமைதியாக இருந்தது. "அந்தப் பாட்டி ஒன்னோட அம்மாயியா?" என்று ஜெயா கேட்டாள். "ஆமா. எங்களுக்குக் கடையெல்லாம் இல்ல ஜெயா. அவங்க கொழுந்து கிள்ளித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் பவளம் இறங்கினாள். அப்போதே அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பனியில் லோரி தாமதமாகியது. குரலுக்கு ரோடு தேவையில்லை, முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு வாசலில் கூட்டம் நின்றதைப் பார்த்ததும் பவளத்துக்குப் புரிந்தது. செல்லம்மாதான் அவளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"திடீர்னு எந்திரிச்சு ஒக்காந்தாங்கடி. மலையே கேக்குற மாதிரி ஒவ்வொருத்தர் பேரா கூப்புட்டாங்க. நாங்க எல்லாரும் பதில் சொன்னோம். தங்கையாகூட அடுத்த லயத்துலேர்ந்து 'இருக்கேன்'னான். கடைசியில ஒன் பேரு வரணுமே, நீ இல்லியேன்னு எனக்குப் பக்குன்னுச்சு. அவங்க கூப்புடல. 'பவளம் சொல்லிட்டா, எனக்குக் கேட்டுச்சு. எல்லாரும் எறங்குங்க'ன்னாங்க. அவ்வளவுதான்."

பவளம் உள்ளே போனாள். வெந்நீர்ப் பானை இன்னும் ஆறவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பவளத்துக்கு அந்தக் கட்டிய தொண்டை சரியாகவே இல்லை. பாதிக் குரல் பிரிஞ்சாங்கில் தங்கிவிட்டது. பனி இறங்கினால் ரொட்டிக்கடைப் படிமேலிருந்து "இருக்கேன் அம்மாயி" என்று கேட்கிறது, லோரிக்காரர்கள் விளக்குப் போடுகிறார்கள். ஹோட்டலுக்கு வருகிறவர்கள் அது என்ன பறவை என்று இன்றும் கேட்கிறார்கள். "பறவை இல்ல, அது நான்தான். எங்க அம்மாயி கூப்புட்டாங்க, லேட்டா பதில் சொன்னேன்" என்கிறாள் பவளம், கரகரத்த குரலில். அவர்கள் தலையாட்டிவிட்டு, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள்.