பாத்திரம் துடைக்கிற புருஷன்

எங்கள் மாடிக் குடியிருப்பில் என்னைப் பார்த்து வயிறெரியாத பெண் கிடையாது. காரணம் நகையோ நட்டோ இல்லை, என் வீட்டுக்காரர்தான். சாப்பிட்டு முடித்ததும் ஏப்பம் விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்கிற ஆள் இல்லை அவர். நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரம் போகத் துடைத்து, அலமாரியில் அடுக்கிவிட்டுத்தான் டிவி பக்கம் போவார். எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டு, தன் கணவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் ஒரு ரெடிமேட் ஆடைக் கம்பெனியில் மெஷின் மெக்கானிக். எந்த இரும்பைக் கண்டாலும் துடைக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பேண்ட் பையில் மடித்த துணி ஒன்று எப்போதும் இருக்கும். தையல் மெஷினுக்குப் போடுகிற வெள்ளை எண்ணெயில் ஊறிய துணி. அந்த எண்ணெய்க்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தைக்கிற சட்டையில் பட்டால் கறை தெரியக் கூடாது என்று அப்படித்தான் வாங்குவார்கள். கதவுக் கீல், பூட்டு, கத்தரிக்கோல், என் பழைய சைக்கிள் என்று வீட்டில் அந்தத் துணி படாத இடம் இல்லை.

நான் கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவள். மெராங் பிஸ்கட் என் பொறுப்பு. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, இரண்டு சொட்டு வினிகர், அவ்வளவுதான். மாவும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது. வெள்ளையைக் கம்பி மத்தால் அடிக்க அடிக்க, முதலில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கும், பிறகு வெளுத்து இறுகும். சர்க்கரையை ஸ்பூன் ஸ்பூனாகத் தூவிக்கொண்டே அடித்தால் பளபளவென்று மத்தின் நுனியில் நிமிர்ந்து நிற்கும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க, பாத்திரத்தை எங்கள் தலைக்கு மேலேயே கவிழ்ப்போம். விழுந்தால் அன்றைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டியதுதான். என் தலையில் ஒருநாளும் விழுந்ததில்லை. மெஷின் சும்மா கிடந்தாலும் முதலாளி என்னைத்தான் கையால் அடிக்கச் சொல்வார்.

அதன் பிறகு கல்யாணம், மகள், மகளின் படிப்பு, மகளின் கல்யாணம் என்று இருபத்து நாலு வருஷம் போனது தெரியவில்லை. மகள் புருஷன் வீட்டுக்குப் போனபின் வீட்டில் என் குரலையே நான் கேட்காத நாட்கள் உண்டு.

இந்த வருஷம் தெருமுனையில் ஒரு காபிக் கடை திறந்தார்கள். கடைக்காரம்மா நல்ல மாதிரி. பேச்சுவாக்கில் பேக்கரி வேலையைப் பற்றிச் சொன்னேன். கையால் அடித்த பழைய மாதிரி மெராங் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை என்று அவர் சொன்னார். ஒரு தட்டு செய்து கொண்டுவரச் சொன்னார். சரியாக வந்தால் தினமும் காலை பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை கடைச் சமையலறை என் கையில். எனக்கு அதில் சம்பளம்கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போக ஓர் இடம் வேண்டும், அதுதான் வேண்டும், அதற்காக ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும், தாராளமாகப் போ என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கிவந்தேன். இதில் குழம்பு, பால் எதுவும் வைக்கக் கூடாது, வெள்ளைக் கரு அடிக்க மட்டும்தான் என்று அவரிடம் கறாராகச் சொன்னேன். கொழுப்புப் பட்டால் நுரை எழும்பாது என்று விளக்கமும் கொடுத்தேன்.

"ஒரு சொட்டு எண்ணெய்கூடவா?" என்று கேட்டார்.

"அரைச் சொட்டு போதும். அப்படியே படுத்துடும்."

"அவ்ளோ பெரிய மனுஷனா அது?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் தடவை ஆறு முட்டை. அரை மணி நேரம் அடித்தும் நீர்த்த மோர் மாதிரி கிடந்தது. பழக்கம் விட்டுப்போனதால்தான் என்று நினைத்துக்கொண்டு, இருப்பதைத் தட்டில் ஊற்றிச் சுட்டேன். அப்பளம் மாதிரி தட்டையாக, பல்லில் ஒட்டுகிற மாதிரி வந்தது. கடைக்காரம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, பரவாயில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். இரண்டாம் தடவை முட்டைக் கடையை மாற்றினேன். மூன்றாம் தடவை சர்க்கரையை மாற்றினேன், மழைக்காற்று வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன், ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, மஞ்சள் கலக்கவில்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே பாத்திரத்தில் விட்டேன். பாத்திரத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதல் நாளே சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். துடைத்து அடுக்குவது அவர் வேலை.

மூன்றாம் தட்டைப் பார்த்ததும் கடைக்காரம்மா, கடை திறந்து இரண்டு மாதமாகிறது, இனிமேலும் ஆள் இல்லாமல் தள்ள முடியாது என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன். மிச்சமான மஞ்சள் கருக்களை ஆம்லெட் போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் அதை ருசித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து, என் மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிட்டார். "விடு. வயசாகுதில்ல? உனக்குக் கை விட்டுப் போச்சு, அவ்ளோதான்" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? அவர் தோளில் சாய்ந்துதான் அழுது தீர்த்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவரே முட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கம்பெனி மேனேஜரின் மனைவிக்கு அன்று பிறந்த நாளாம். அந்த அம்மாளுக்கு மெராங் என்றால் உயிராம். என் பெண்டாட்டி பேக்கரியில் ராணி மாதிரி இருந்தவள் என்று இவர் அளந்துவிட்டு வந்திருக்கிறார். தலைமை மெக்கானிக் இடம் காலியாக இருந்தது, மேனேஜர்தான் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு இவர் வந்து மெராங் பாக்ஸை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

எனக்குத்தான் கை விட்டுப் போய்விட்டதே என்றேன். இன்றைக்கு வரும் பார் என்றார்.

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து அந்தப் பாத்திரத்தை எடுத்தார். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். பீரோவிலிருந்து புதுக் கைக்குட்டை ஒன்றை எடுத்து, வினிகரில் நனைத்து உள்பக்கம் முழுக்கத் தேய்த்தார். பிறகு பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மெஷின் ஊசியில் பிசிறு இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்.

"வினிகர் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எண்ணெய்ப் பசை இருந்தா எழும்பாதே. நீதானே சொன்ன."

"இதுல எண்ணெய் எப்படி வரும்? நான் இதுல வெந்நீர்கூட வெச்சதில்லையே."

பாத்திரத்துக்குள் இருந்த அவர் கை அப்படியே நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாத்திரத்தை மேஜைமேல் வைத்தார். அவர் பேண்ட் பையிலிருந்து அந்தத் துணியின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

முட்டைகளை உடைத்தேன், மஞ்சளை ஒரு கோப்பையில் ஒதுக்கினேன், மத்தை எடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நுரை வெளுத்துப் பொங்கியது. சர்க்கரை போடப்போட இறுகி, பளபளவென்று நின்றது. என் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை, என் கை அப்படியேதான் இருந்திருக்கிறது. அவர் நாற்காலியில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தேன். விழுந்து தொலைக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். விழவில்லை.

"மூணு வாட்டியும் நீங்கதானா?" என்றேன்.

ஷூ கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "நான் வீட்டுக்கு வரும்போது கதவு திறந்திருக்கணும். பூட்டின வீட்டுக்குள்ள வர்றது எனக்குப் பிடிக்காது. அவ்ளோதான்."

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேப்பியா?" எழுந்து நின்று பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "மூணு மணிக்கு வர்றேன். பாக்ஸ்ல அழகா அடுக்கி வை."

படியிறங்கிப் போய்விட்டார்.

மெராங்கை மெல்லிய சூட்டில் ஒன்றேகால் மணி நேரம் உலர விட வேண்டும். அப்புறம் ஓவனை அணைத்துவிட்டு, ஆறும்வரை கதவைத் திறக்கவே கூடாது, திறந்தால் வெடித்துவிடும். மூடின ஓவனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போனதுகூட அப்போது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. தைலம் தேய்த்த அந்த விரல்கள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தன. இவர் தோளில் போய் அழுதேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

ஆறியதும் திறந்தேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன், பாக்ஸில் அவர் சொன்னபடியே அழகாக அடுக்கினேன், வீட்டைப் பூட்டிக்கொண்டு காபிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இதை முன்னாடியே கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். "திங்கக்கிழமைதான் ஒரு பொண்ணைச் சேர்த்தேன்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்தப் பெண் ஏப்ரன் கட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

இன்றைக்கு மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக வந்தது என்று கடைக்காரம்மா கேட்டார். நாக்கு நுனிவரை வந்தது. "பாத்திரத்துல கோளாறு" என்று மட்டும் சொன்னேன். இருபத்து நாலு வருஷமாக அவருக்குச் சப்பைக்கட்டு கட்டிய வாய், யாரையும் கேட்காமல் தானாகவே கட்டிவிட்டது. அவர்மேல் இருந்ததைவிட என்மேல்தான் எனக்கு அப்போது அதிக ஆத்திரம் வந்தது.

பாக்ஸை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு காபி வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அவர் பைக் தெருவில் திரும்பியது. காபியைக் குடித்து முடிக்க எனக்கு இன்னும் அரை மணி நேரம் பிடித்தது. அவரிடம் வீட்டுச் சாவி கிடையாது. இத்தனை வருஷத்தில் தேவைப்பட்டதே இல்லை, நான்தான் எப்போதும் உள்ளே இருந்தேனே.

நான் போனபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு டீச்சர் பரிதாபப்பட்டு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தாள், கதவருகிலேயே நின்றுகொண்டும் இருந்தாள். பூட்டில் சாவி கொஞ்சம் மக்கர் செய்தது. பழக்கதோஷத்தில் அவர் கை பேண்ட் பைக்குள் போய் அந்தத் துணியைப் பாதிவரை இழுத்தது. நான் பார்த்தேன். துணி திரும்ப உள்ளே போனது.

"பாக்ஸ் எங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "மேனேஜர் காத்துக்கிட்டிருக்கார்."

"எழும்பலைங்க" என்றேன், டீச்சருக்கும் கேட்கட்டும் என்றே. "உங்களுக்குத்தான் தெரியுமே. எனக்குக் கை விட்டுப் போச்சு."

காலையில் அந்த நுரையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எல்லாவற்றையும் பேச வேண்டியிருக்கும். டீச்சர், அதனால் என்ன, இன்னொரு நாள் செய்தால் போகிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

உள்ளே போனதும் அவர் கால்கள் தானாகச் சமையலறைக்குப் போயின. ஈரத்தோடு கவிழ்ந்திருந்த பாத்திரத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. தானா காஞ்சுக்கும்" என்றேன்.

கையை இழுத்துக்கொண்டு நின்றார். நாளைக்கு எனக்குப் போக இடம் எதுவும் இல்லை. இருந்தாலும் சாவியை ஆணியில் மாட்டாமல் என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.