லாரி முனீஸ்வரன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற சாலையில், சந்திரமோகன் வீட்டு வாசலைப் போல லாரிக்காரர்கள் மனத்தைக் கவர்ந்த இடம் உலகத்திலேயே வேறு கிடையாது. கம்பெனியில் டோக்கன் கூப்பிடும்வரை லாரியை உள்ளே விடமாட்டார்கள். வெளியே நிறுத்த ஓர் இடமும் இல்லை. ஆகவே வந்த லாரியெல்லாம் இவர் வாசல் வேப்பமர நிழலில் ஒதுங்கியது. காலையில் கதவைத் திறந்தால் வானம் தெரியாது, தார்ப்பாய்தான் தெரியும். கீரைக்காரி லாரிக்கு அடியில் தவழ்ந்து வந்துதான் வியாபாரம் பண்ணினாள். அவருடைய ஸ்கூட்டர் தெருவைப் பார்த்து ஒரு யுகமாகியிருந்தது.

கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை மூளையில் மின்னல் வெட்டியது. கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் நட்டார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினார்.

"சாமி எதுர்ல எவன் வண்டிய நிறுத்துவான், பாக்கறேன்!" என்று மீசையை முறுக்கினார்.

எல்லாரும் நிறுத்தினார்கள்.

ரோட்டை நம்பிப் பிழைக்கிறவனுக்கு ரோட்டோரத்து முனீஸ்வரனைக் கண்டால் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். தெற்கே தூத்துக்குடி, வடக்கே காஷ்மீர் என்று லாரிகள் வந்து குவிந்தன. உடைத்த தேங்காயில் அவர் மனைவி குணசுந்தரி அரைத்த சட்னிக்கு ஆரம்பாக்கம் ஜனம் மொத்தமும் இட்லி தின்னலாம். 'லாரி முனீஸ்வரன் காவல்ல பேட்டரி திருடு போவாது' என்ற பேச்சு வேறு பரவியது. முதலில் பல்லைக் கடித்த சந்திரமோகன், இரண்டொரு பேர் காலில் விழுந்ததும் விபூதித் தட்டை எடுத்துவிட்டார். அதுவரைக்கும் அவர் பேச்சை வீட்டுப் பூனைகூடக் கேட்டதில்லை.

அப்படிக் காலில் விழுந்தவர்களில் ஒருவன் தேசப்பன். ஆர்.கே.பேட்டைக்காரன். இரும்பு ஏற்றிவந்து டோக்கனுக்குக் காத்துக் கிடந்தான்.

"சாமி, இன்னிக்கு எம்பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறாங்கோ. வண்டிய வுட்டுட்டுப் போனா பேட்டரிய கழட்டிக்கினு போய்டுவானுங்க. தொணைக்கு ஒரு ஆளும் இல்ல. போறதா வேணாமான்னு ஒரே பேஜாரா கீது. நீ ஒரு வார்த்த சொல்லு."

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் டிரைவர்கள் கைகட்டி நின்றார்களே! சந்திரமோகன் கண்ணை உருட்டினார், நாக்கைக் கடித்தார், உடம்பை ஓர் ஆட்டு ஆட்டினார்.

"போய்ட்டு வா நைனா! உன் வண்டிக்கு நான் காவல்னு முனீஸ்வரன் சொல்றாரு!"

தேசப்பன் பஸ்ஸுக்கு ஓடினான். உள்ளேயிருந்து குணசுந்தரி கேட்டாள்: "இன்னாங்க, நம்ம குழவி எப்போ பேசக் கத்துக்கிச்சி?"

பகலில் மற்ற லாரிகளுக்கெல்லாம் டோக்கன் வந்து, ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. தேசப்பனின் லாரி மட்டும் தனியாக நின்றது. காவல் தெய்வத்தின் பூசாரி தேங்காய்ச் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஊரே அதிரும்படி குறட்டை விட்டுத் தூங்கினார்.

சாயங்காலம் புதுச்சட்டையோடு தேசப்பன் திரும்பியபோது பேட்டரிப் பெட்டி திறந்து கிடந்தது. வெட்டிய ஒயர்கள் தொங்கின. தார்ப்பாயும் இல்லை.

அவன் கத்தவில்லை. புதிதாக வந்து நின்ற டிரைவர்கள் பார்க்க, போய்க் கல்லின் முன்னால் உட்கார்ந்தான்.

"அவசரத்துல ஒரு சூடம்கூட கொளுத்தாம போய்ட்டேன் சாமி. அதுக்கா இப்டி பண்ட்ட?"

பிறகு முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். ஸ்பீக்கரில் அவர் கத்தினார். "சரக்கு வண்டிய அனாதையா வுட்டுட்டு எங்கடா போன? சாவிய குடுத்துட்டு ஊட்டுக்குக் கெளம்பு!"

"தப்பு எம்மேலதான் மொதலாளி," என்றான் தேசப்பன்.

சந்திரமோகனுக்கு நெற்றி விபூதி நெருப்பாகச் சுட்டது.

"தேசப்பா, எழுந்திரு. அது சாமி இல்ல. எங்க ஊட்டு குழவி. இங்க லாரி நிக்கக் கூடாதுன்னு நான்தான் நட்டேன்."

தேசப்பன் கல்லைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"அப்போ ஏன் சார் போய்ட்டு வான்னு சொன்ன? வேணாம்னு சொல்லியிருந்தா வண்டியிலயே குந்தினு இருந்திருப்பேன். பொண்ணு கோவிச்சிக்கும், அவ்ளோதானே."

காலையில் சாமி, இப்போது சார். சந்திரமோகன் அவன் கையிலிருந்த போனை வாங்கினார்.

"அவன் வண்டிய அனாதையா வுடலீங்க. நான் பாத்துக்கறேன்னு சொல்லித்தான் போனான்."

"நீ யாருய்யா?"

டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். குணசுந்தரி கதவருகே நின்றாள்.

"லாரி முனீஸ்வரன் பூசாரி... இல்லீங்க, பூசாரி இல்ல. முனீஸ்வரனும் இல்ல. குழவிக்கு மஞ்ச பூசி எல்லாரையும் ஏமாத்துனவன்."

மறுமுனையிலிருந்து ஓர் அலறல்.

"யோவ்! போன மாசம் புது வண்டிக்குப் பூஜ போட்டது அதுகிட்டதான்யா! குடும்பத்தோட வுழுந்து கும்பிட்டேன்யா! மொட்ட வேற போட்டேன்யா!"

டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியின் குரல் சட்டென்று இறங்கியது. "இத வெளிய சொல்லிடாதய்யா, மானம் போய்டும். நானே நம்பிட்டேன், அவன் நம்புனதுல இன்னா கீது? பேட்டரி அனுப்பறேன். அவன வேலைய பாக்கச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள், தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறப் போனவன், நின்று, தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான்.

"புட்டு. பூசாரிக்குன்னு எங்க ஊட்ல கட்டிக் குடுத்துச்சி. வாங்கிக்க சார். திருப்பி எடுத்துக்கினு போனா பொண்ணு ஏன்னு கேக்கும். நான் இன்னா சொல்றது?"

சந்திரமோகன் மனைவியைப் பார்த்தார். அவள் வாங்க வரவில்லை. கடைசியில் அவரே இரண்டு கைகளையும் நீட்டினார். 'பொண்ணு நல்லா இருக்கணும்' என்று சொல்ல வாயெடுத்தவருக்கு, ஆசீர்வாதம் பண்ணத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. தலை குனிந்தபடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.