சுவரோரப் புதரின் நிகோடின்

அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் ஏறிய நாள் முதல் தெருவில் முட்டிவலிக்காரர்கள் விடுவதாயில்லை. "நான் செடிக்குத்தான் டாக்டர்" என்றால், "அப்ப செடிக்குக் குடுக்கறதையே எனக்கும் குடும்மா" என்பாள் எதிர்வீட்டு அத்தை.

இந்த மண்ணில் தானாக முளைக்கும் அவரைக் குடும்பத்துப் புதர்களின் இலையைக் காயவைத்து, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உள்ளே என்னென்ன ஆல்கலாய்டு இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மேய வருகிறவர்களுக்குச் செடி வைத்திருக்கும் கசப்புக்குத்தான் அந்தப் பெயர். அவள் கணவர் இன்றுவரை அதைக் கீரைக் கஷாயம் என்றுதான் சொல்கிறார்.

காட்டில் பறித்த இலைகளில் எல்லோருக்கும் தெரிந்த பழைய சங்கதிதான் அகப்பட்டது. வீட்டுச் சுவரோரம் அதே புதரை வளர்த்தாளே, அதன் இலையில் மட்டும் கருவி 'நிகோடின்' என்றது. புகையிலை வீட்டுச் சொத்து அவரைக்காய் வீட்டில் எப்படி? மறுபடி போட்டாள், மறுபடியும் நிகோடின். புதுக் கண்டுபிடிப்பு என்ற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவளுக்கு. துறைத்தலைவரிடம் சொல்லியாயிற்று, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிவிப்பு. நாத்தனாரிடமும் சொல்லியாயிற்று, அதாவது, தெருவுக்கே சொல்லியாயிற்று.

வியாழன் காலை இலை பறிக்கப் போனால், கணவர் தெளிப்பானும் கையுமாக நிற்கிறார். காலடியில் வாளி நிறையப் பழுப்புத் தண்ணீர்.

"என்னங்க இது?"

"இலையெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கு. புகையிலைய ஊறவச்சு அடிக்கறேன். நீ பாட்டுக்கு ஆராய்ச்சின்னு ஓடற, செடிய யாரு பாக்கறது?"

"எத்தனை நாளா?"

"வாராவாரம். ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லல."

"ஆச்சரியமாத்தாங்க இருந்துச்சு" என்று வாளி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. "வாளிய நான் கவுத்துடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"நாளைக்கு இன்னொருத்தர் காட்டுல பறிச்சுப் பார்ப்பாரே, அவருக்குத் தெரியும்."

இலையை அள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். கழுவிய தண்ணீரில் நிகோடின் கொட்டிக் கிடந்தது. கழுவிய இலையில் பேருக்குத்தான் இருந்தது. வீடு திரும்பியதும், மனசு மாறுவதற்குள், தலைவருக்குப் போன் போட்டு ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு என்னம்மா பேசப் போற?"

"இலையக் கழுவணும்னு பேசப் போறேன் சார்."

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமானது. "அதையே பேசு. இங்க பாதிப் பேர் கழுவறதில்ல."

போனை வைத்ததும் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல்: "நன்றி சொல்ற இடத்துல என் பேரும் வருமா?"

"வரும். அசுவினிக்கு அடுத்தபடியா."