கார்டு எடுக்கும் இடம்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். வளர்த்தியைப் பார்த்து வைத்த பெயர், நாளடைவில் குச்சி என்று சுருங்கிவிட்டது. ஓட்டல்களிலிருந்து வரும் ஆளுயரத் திரைச்சீலைகளை ஸ்டூல் போடாமல் மேல் கம்பியில் மாட்டக்கூடியவள் அவள் ஒருத்திதான். அந்த வலது கை இப்போது தோளுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது. முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி, எத்தனை கெஞ்சினாலும் பாதியிலேயே நின்றுகொள்கிறது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரையால ஆகாதும்மா. பிசியோதெரபிஸ்ட்கிட்ட போய்க் கையைப் பழக்கணும். தள்ளிப்போட்டா தோள் இப்படியே இறுகிடும்" என்றார். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அவரைவிடச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற ஆளைப் போட வேண்டியதுதான்." குச்சி இரண்டுக்கும் தலையாட்டினாள். பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

அவளிடம் இருப்பது அரசுக் காப்பீட்டு அட்டை. அதை வைத்துக்கொண்டு வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கையைத் தூக்கப் பழக்கிவிட ஓர் ஆள் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

விடுமுறை நாளில் பிசியோதெரபி இடங்களின் நம்பர்களைத் தேடி வைத்துக்கொண்டு, சமையலறை மேஜையில் போனை ஸ்பீக்கரில் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் லாரியோடு போயிருந்தான். எதிரே நாத்தனார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு அக்கா, பல வருஷமாக இவர்களோடுதான் இருக்கிறாள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. "கை வலி உனக்கு, பாத்திரம் தேய்க்கற வேலை எனக்கு. நல்லா நடிக்கற போ" என்று தினமும் ஒரு தரமாவது சொல்லிவிடுவாள்.

ஆரம்பத்தில் குச்சி ஒழுங்காகத்தான் பேசினாள். வணக்கம் சொல்லி, வலி தொடங்கிய கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். "அடடா, வாங்க மேடம், சரி பண்ணிடலாம்" என்று மறுமுனையில் தேன் ஒழுகியது. அட்டையைப் பற்றிச் சொன்னதும் மேடம் காணாமல் போனது. "அது நாங்க எடுக்கறதில்லீங்க." இன்னொரு இடத்தில் போன வருஷத்தோடு நிறுத்திவிட்டார்களாம். ஒரு நம்பர் மீன்தொட்டி விற்கும் கடைக்குப் போனது. அந்தக் கடைக்காரர் மட்டும்தான் கொஞ்ச நேரம் ஆறுதலாகப் பேசினார்.

பிறகு குச்சி கதையை விட்டாள், வணக்கத்தையும் விட்டாள். "கவர்மென்ட் கார்டு எடுப்பீங்களா?" அவ்வளவுதான். இல்லை என்றதும் "சரிங்க" என்று அடுத்த நம்பர்.

"பிச்சைக்காரன்கூட முதல்ல அம்மான்னு கூப்பிடுவான்" என்றாள் நாத்தனார். குச்சிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"கவர்மென்ட் கார்டு எடுப்பீங்களா?"

"எடுக்கறோமே" என்றது ஒரு பெண் குரல்.

"சரிங்க" என்று குச்சியின் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. நாத்தனார் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்குத்தானாம்மா? என்ன பிரச்சினை?"

"கார்டு இருக்குங்க."

"இருக்கட்டும்மா. உடம்புக்கு என்ன?"

குச்சி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. காலையில் அத்தனை பேரிடம் சொன்ன கதை எங்கே போனதென்றே தெரியவில்லை.

நாத்தனார் போனை இழுத்துக்கொண்டாள். "நான் அவ நாத்தனார் பேசறேன். வலது தோளுங்க. தலை சீவ முடியல, நான்தான் சீவிவிடறேன். உள்பாடிக் கொக்கி எட்டல, அதையும் நான்தான் மாட்டறேன். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சா முனகறா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறா. உசரத்துல துணி மாட்டற வேலை இவளுக்கு. கை போச்சுன்னா வேலையும் போச்சு." குரல் உடைந்து, பட்டாணி உரித்த கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அழ வேண்டியவள் தான்தான் என்று குச்சிக்குத் தோன்றியது. கண் வறண்டு கிடந்தது.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க" என்றது குரல். "முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டையா போட்டுக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன். இறுக விடாம பாத்துக்கலாம்."

நாத்தனார் இடத்தைக் கேட்டுக்கொண்டு, சட்டை தேட உள்ளே போனாள். திரும்பி வரும்போது குச்சியின் குரல் கேட்டது.

"கவர்மென்ட் கார்டு எடுப்பீங்களா?"

நாத்தனார் போனை வாங்கி அணைத்தாள். "போதும்மா. கிடைச்சிடுச்சு."

"கிடைச்சிடுச்சா அண்ணி?"

நாத்தனார் இந்த ஒரு தடவை கேலி செய்யவில்லை. தன்னுடைய பழைய சட்டை ஒன்றை உதறி, குச்சியின் வலது கையை மெல்லப் பிடித்து அதன் கைக்குள் நுழைத்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. தோள் வரைக்கும் ஏற்றியபோது குச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா?"

ஒண்ணுமில்ல என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "வலிக்குது அண்ணி" என்றாள்.