ஸ்பீக்கர் அறை

"மெல்லப் பேசுங்க, உள்ளுக்குக் கேக்கும்..."

"கேட்டாக் கேக்கட்டும், நான் எனத்தப் பொய்யாச் செல்றன்..."

"பொய்யா? இத்தின வருஷமா நீங்க செல்லிக்கிட்டு வாரது முழுக்கப் பொய்தானே!"

"வாய மூடு பலீலா."

"மூட மாட்டன். அஸர் தொழுகை முடிய ஜினதாச வேனைக் கொண்டுவந்து வாசல்ல நிப்பாட்டுவான். 'நானா, ஒங்கட ஸ்பீக்கரெல்லாம் ஏத்துங்க' எண்டு கேப்பான். எனத்த ஏத்துவீங்க? உள்ளுக்கு ஈக்கிற ரெண்டு மனிசரையுமா?"

அவள் புருஷன் மர்ஸூக் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

பதுளை பசாரில் அவருடையது சின்ன ரேடியோக் கடை. முன்னால் கடை, நடுவில் கூடம், பின்னால் ஓர் அறை. கதவு என்று சொல்ல அந்த அறைக்கு மட்டுந்தான் ஒரு கதவு. அதில் ஒரு பித்தளைப் பூட்டு. குசினி ஒரு தகரச் சாய்ப்பு. அதில் நின்றால் பின் ஒழுங்கையில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்கலாம். அந்த ஒழுங்கையில்தான் இப்போது தெரியாத பையன்கள் பெட்ரோல் போத்தல்களோடு போய்வந்துகொண்டிருந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஜூலை மாதக் கடைசி. கொழும்பில் மூண்ட நெருப்பு இரண்டு மூன்று நாளில் மலையேறி பதுளைக்கு வந்துவிட்டது. கும்பல்கள் தமிழர் கடை எது, வீடு எது என்று கேட்டுக் கேட்டுக் கொளுத்தினார்கள். மூன்று கடை தள்ளி இருந்த இராசையாவின் தேத்தண்ணிக் கடை காலையிலேயே எரிந்துபோயிற்று. இராசையாவும் பெண்சாதி நல்லம்மாவும் வேலியில் புகுந்து, பலீலாவின் குசினியில் வந்து விழுந்தார்கள். நல்லம்மாவின் முந்தானை கருகியிருந்தது. பலீலா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரையும் பின்னறைக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடுப்பகலில் ஜினதாச வந்தான். கலியாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிற சிங்களவன். வேன் எஞ்சினை நிறுத்தாமலே தலையை நீட்டி, "நானா, ஒங்களுக்கு ஒண்டும் செய்ய மாட்டாங்க. ஆனா பக்கத்துக் கடை தமிழாக்கள் கடை. பத்தினா ஒங்கட கூரையும் பத்தும். அந்த இங்கிலீஸ் ஸ்பீக்கர் எல்லாம் வீணாப்போகும். நான் பின்னேரம் வந்து ஏத்திக்கிட்டுப் போய் எங்கட வீட்டுல வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வேண்டாம் என்று சொல்ல மர்ஸூக்குக்கு இடமே கொடுக்கவில்லை.

இங்கிலீஸ் ஸ்பீக்கர்!

அந்த அறைக்குள் ஒரு ஸ்பீக்கரும் இல்லை. இருந்ததெல்லாம் ஸ்பீக்கர்களின் படம்.

இராசையா தேத்தண்ணிக் கடை போடுமுன் தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் துரை பங்களாவின் சமையல்காரர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, துரை கப்பல் ஏறியபோது, பங்களா ஸ்டோரில் இங்கிலீஸ் சஞ்சிகைகள் கூரை முட்டக் கிடந்தன. இராசையா அவற்றைக் கட்டுக் கட்டாகப் பஸ்ஸில் கொண்டுவந்து பலீலாவிடம் கொடுப்பார். அவள் கடைகளுக்குப் பேப்பர் பை ஒட்டிக் கொடுக்கிறவள். பத்திரிகைத் தாள் பசை பிடிக்கும். சஞ்சிகையின் வழுவழுப்புத் தாள் பிடிக்காது. சீனி போட்டவுடன் அடி விட்டுவிடும். அந்தத் தாளைக் கோபத்தோடு புருஷன் பக்கம் எறிவாள். அப்படி எறிந்த ஒன்றைத்தான் மர்ஸூக் ஒருநாள் எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் கீழே வைக்கவில்லை.

"இஞ்ச பாரு பலீலா. வால்நட் மரத்துல பெட்டி. பெட்டிட முன்துணியைக் கழட்டிக் காட்டியிருக்கான், பாரு. கீழ பெரிய கோன், மேல சின்னது. தண்ணி மாதிரி சத்தம் வருமாம்."

"அந்தப் பொம்புள எனத்துக்குச் செருப்பில்லாம கம்பளத்துல படுத்துக்கிட்டீக்கி?"

"பாட்டுக் கேக்கிறாடி."

"வேலவெட்டி இல்லாதவ."

அன்று தொடங்கியது. ஸ்பீக்கர் விளம்பரம் எதுவானாலும் மர்ஸூக் சவர அலகால் ஓரம் பிசகாமல் வெட்டுவார். மண்ணிறத் தாளில் ஒட்டுவார். பழையது அடியில், புதியது மேலே. இராசையா புதுக் கட்டோடு வந்தால் பலீலாவுக்கு முந்தி அவர்தான் பிரிப்பார். இங்கிலீஸை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தப் பெட்டிக்கு எத்தனை கோன், எந்த மரம் என்று மனப்பாடம். ரேடியோ திருத்த வருகிறவர்களிடம் அதே பேச்சு. பேசுகிற பேச்சைக் கேட்டால் ராத்திரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்து எழும்பினவர் மாதிரி இருக்கும். "நானாகிட்ட ஈக்கா?" என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். புன்சிரிப்பொன்று சிரிப்பார். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு டிரான்சிஸ்டரை வெறும் தேயிலைப் பெட்டிக்குள் வைத்து அறைக்குள்ளிருந்து பாட விட்டார். தெருவே நின்று கேட்டது. அதோடு அவரிடம் இங்கிலீஸ் ஸ்பீக்கர் இருக்கிறதென்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

"அண்டைக்கே செல்லியிருக்கலாம், 'ஈக்கிறது படம்' எண்டு" என்றாள் பலீலா இப்போது.

"நீ செல்லியிருக்கலாமே! நம்மட மக காமிலாவப் பொண்ணு கேட்டு பண்டாரவளையிலிருந்து வந்தாங்களே, 'வீட்டுல பெரிய செட் ஈக்காமே' எண்டு மாப்புள்ளட வாப்பா கேட்டாரு. தலைய ஆட்டினது ஆரு?"

"புள்ளட காரியம் எண்டு ஆட்டினன்."

"ஆட்டினதுதானே?"

"ஆட்டினன். இப்ப முழுசா நானே ஆடிக்கிட்டு நிக்கிறன்!"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இராசையாவின் குரல் வந்தது. "மொதலாளி, சண்ட போடாதீங்க. நாங்க பின்னால எறங்கிப் போயிர்றோம்."

"எங்க போவீங்க? ஒழுங்கையில நிக்கிறானுங்க. பேசாம ஈங்க" என்றாள் பலீலா.

"எல்லாம் இந்த மனுசனாலதாம்மா" என்றது நல்லம்மாவின் குரல். "கடைக்கு வாற எவன் கேட்டாலும், 'ஆமா, எங்க மொதலாளி ஸ்பீக்கர் வச்சிருக்காரு, ஒவ்வொண்ணும் ஆள் ஒசரம்'னு சொன்னது இவருதான். அந்த வேன்காரன் தெனம் எங்க கடையிலதான் தேத்தண்ணி குடிப்பான். அவனுக்கும் சொன்னாரு."

"மொதலாளி மானத்தக் காப்பாத்தணும்னு சொன்னேன் புள்ள."

"காப்பாத்தினீங்க, நல்லாக் காப்பாத்தினீங்க."

பலீலாவுக்குச் சிரிப்பு வந்தது. தெருக்கோடியில் கண்ணாடி நொறுங்கியது. கூட்டமாக ஒரு ஓ என்ற சத்தம். அதற்குப் பிறகு ரப்பர் எரிகிற நாற்றம்.

நல்லம்மாவின் பொட்டை அழித்து, முக்காடு போட்டு, கூடத்தில் தன் கூடப்பிறந்த ராத்தாவாக உட்கார வைத்துவிடலாமா என்று பலீலா யோசித்துப் பார்த்தாள். ஜினதாசவுக்குத் தினமும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த முகம். எந்த முக்காடும் மறைக்காது.

"ஒரே வழிதான்" என்றாள். "அவன் வந்தவுடன உண்மையச் செல்லுங்க."

"நம்ப மாட்டான். 'கதவத் தொற, பாக்கணும்' எண்டு செல்வான்."

"வாயால செல்ல வேணாம், கண்ணால காட்டுங்க. படமெல்லாத்தையும் கூடத்துக்குக் கொண்டுவந்து பரப்புங்க. வாசல்லயிருந்தே காணட்டும். கண்டிட்டுச் சிரிச்சிட்டுப் போவட்டும்."

"சிரிப்பானா..."

"சிரிச்சா எனத்த? தேய்ஞ்சா போவீங்க?"

"ஊர் முழுக்கச் செல்வான், பலீலா. எல்லாரும் வந்து சிரிப்பானுங்க."

"உள்ளுக்கு ரெண்டு உசிரு ஈக்கி" என்றாள் பலீலா. "நீங்க சிரிப்பப் பேசுறீங்க."

மர்ஸூக் அவளைப் பார்த்தார். பிறகு சாவிக்குக் கையை நீட்டினார்.

அறைக்குள் வெளிச்சமில்லை. தாள் அடுக்குகளுக்கு நடுவில் நல்லம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் நான்கைந்து பெரிய படங்கள்: சாய்மனைக் கதிரையில் கண்மூடிக் கிடக்கும் வெள்ளைக்காரன், பக்கத்தில் நாய், இரண்டு பக்கமும் அலுமாரி உயரத்தில் பெட்டிகள்.

"இதையும் கழட்டவா மொதலாளி?" என்றார் இராசையா.

"கழட்டு."

"பிஞ்சிருமே."

"பியட்டும்."

மூன்று பேரும் அள்ளினார்கள். இராசையா அறை வாசற்படி வரை கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு இப்பால் வரவில்லை. பலீலா கூடத்தில் பாயை விரித்து, படங்களைப் பெருநாள் புடைவைபோலப் பரப்பினாள். மேசையில், கதிரைகளில், தையல் மெஷினின் மேல். கூடம் நிறையப் பெட்டிகளாகிவிட்டது. அறை வாசலில் நின்று பார்த்த மர்ஸூக்குக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று போலும். "எல்லாம் ஒண்டா இப்பதான் பாக்கிறன்" என்றார்.

"பாத்தது போதும். கதவச் சாத்துங்க."

உள்ளேயிருந்து நல்லம்மா, "பூட்டிருங்கம்மா" என்றாள். "பூட்டினாத்தான் எனக்கு மூச்சு வருது."

பலீலா பூட்டினாள். அவளுக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது.

பள்ளியில் அன்று பாங்கு கேட்கவில்லை. வேன் சத்தம் கேட்டது.

ஜினதாச தனியாக வரவில்லை. வேனிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். பசாரில் கண்ட முகங்கள் இல்லை. ஒருவன் காலில் புதுச் செருப்பு, விலைத் துண்டு அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவன் ஒரு இரும்புக் கம்பியால் தன் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே நின்றான். வாசலில் நின்ற ஜினதாசவின் சட்டையிலிருந்து பெட்ரோல் நாற்றம் வந்தது.

பலீலா மூக்கைச் சுளித்ததைக் கண்டிருப்பான். "வேன் டேங்க் ஒழுகுது, நோனா" என்றான். "நானா, ரெடியா? இவனுங்க நல்லாத் தூக்குவானுங்க. கீறல் படாது."

"ஜினதாச, ஒரு விசயம் செல்லணும்..."

"வேன்ல செல்லுங்க. நேரமில்ல. அங்க கொளுத்துற ஆக்கள் எறங்கி வாராங்க." குரலைத் தாழ்த்தினான். "இராசையா எங்க போனான், தெரியுமா? கடைக்குள்ள ஆள் இல்லயாம். இந்தப் பக்கம் ஓடினதக் கண்டதாச் செல்றான், இந்தா, இவன்."

கம்பிக்காரன் தலையை ஆட்டினான்.

"நாங்க காணல்ல" என்றாள் பலீலா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நீங்க உள்ளுக்கு வந்து பாருங்க. இவரு ஒங்களுக்கு ஒண்டு காட்டணுமாம்."

ஜினதாச செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்தான். அந்த மரியாதை இன்னும் அவனிடம் இருந்தது. வந்தவன் நின்றான். பாயைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான்.

"இது எனத்த?"

"இதுதான்" என்றார் மர்ஸூக். "இதுதான் என்ட ஸ்பீக்கர். எல்லாம் படம். ஒரு பெட்டியும் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல."

"பகிடி விடாதீங்க நானா."

"அல்லாஹ்வே சாட்சி. நான்தான் செல்லாம இருந்தன். வெக்கம்."

ஜினதாச குனிந்து ஒரு தாளை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். அவன் முகம் மெல்ல மெல்ல இளகியது. பிறகு குலுங்கிச் சிரித்தான். வாசலில் நின்றவர்களுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். புதுச் செருப்புக்காரன் எட்டிப் பார்த்து, கம்பளத்தில் படுத்திருந்தவளைக் காட்டி ஏதோ கேட்டான், மறுபடி சிரிப்பு. மர்ஸூக் தலை குனிந்து நின்றார். அவருடைய காது மடல்கள் சிவந்துபோயின. சிரிக்கட்டும், இன்னும் சிரிக்கட்டும் என்று பலீலா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"ஒரு வருஷமா ஒங்க பின்னால திரிஞ்சன் நானா" என்றான் ஜினதாச, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தங்கச்சிட கலியாணத்துக்குக் கேட்டன். 'சாவி தொலஞ்சு போச்சு' எண்டீங்க. எனக்குக் குடுக்க மனசில்லயாக்கும் எண்டு கோவிச்சிக்கிட்டன். இப்படி ஒரு விசயமா!"

"மன்னிச்சிக்க."

"மன்னிக்க எனத்த ஈக்கி? நல்ல படம். இந்த நாய்ப் படத்த எனக்குத் தாங்க, வேன்ல ஒட்டுறன்."

"எடுத்துக்க. எல்லாத்தையும் எடுத்துக்க" என்றார் மர்ஸூக்.

வாசலில் நின்றவர்கள் வேன் பக்கம் திரும்பிவிட்டார்கள். கம்பிக்காரன் ஒரு காலை வேனுக்குள் வைத்தான். பலீலா தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். ஜினதாச நாய்ப் படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பை நோக்கிப் போனான். ஒரு காலை நுழைத்தான். மறு காலை நுழைக்கும்போது நிலை தடுமாறி, சுவரைப் பிடித்துத் திரும்பினான். அவன் கண் கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது.

முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. குரல்தான் மாறியிருந்தது.

"படமெல்லாம் வெளிய எடுத்தாச்சு. அப்ப அந்தப் பூட்டு எதுக்கு, நானா?"