பதினோரு ஒன்றுகள்

கோதண்டபாணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பணியில் இருந்தவரை கணக்குப் பாடத்தின் பக்கமே போகாதவர், 1972இல் பகா எண்களின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். அவருடைய சீடர் ராஜகோபால் அதற்கென்று கல்யாண மண்டபத்தில் கூட்டமே ஏற்பாடு செய்துவிட்டார்.

மேடையில் கரும்பலகை. எல்லா எண்களையும் ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் முறையைக் கோதண்டபாணி விளக்கினார். பிறகு கண்டுபிடிப்புக்கு வந்தார். இரண்டு ஒன்றுகளை எழுதினால் மூன்று. மூன்று எழுதினால் ஏழு. ஐந்துக்கு முப்பத்தொன்று, ஏழுக்கு நூற்றிருபத்தேழு. எல்லாம் பகா எண்கள். ஆகவே எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் அத்தனை ஒன்றுகள் சேர்ந்து பகா எண்ணாகத்தான் அமையும்! மண்டபம் கைதட்டியது. புரிந்து தட்டியவர் யாருமில்லை.

பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சரான மேரி எழுந்தாள்.

"சார், பதினோரு ஒண்ணு போட்டுப் பாத்தீங்களா?"

"விதின்னு ஆனப்புறம் எதுக்குமா பாக்கணும்?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தேழு வருது. இருபத்துமூணால வகுபடுது சார்."

கோதண்டபாணி சிரித்தார். "அது உங்க பத்து இலக்கக் கணக்குல வகுபடும்மா. என் முறையில வகுபடாது."

மறுபடியும் கைதட்டல்.

"கணக்கத் தமிழ்ல எழுதினா வகுபடும், தெலுங்குல எழுதினா வகுபடாதா சார்?" என்றபடியே மேரி மேடையேறினாள். சாக்பீசை எடுத்து, இருபத்துமூன்றையும் எண்பத்தொன்பதையும் ஒன்று பூஜ்யங்களாகவே எழுதிப் பெருக்கினாள். அடிவரியில் பதினோரு ஒன்றுகள் பிசகாமல் வந்து நின்றன.

"சரிம்மா, பதினொண்ணு மட்டும் விதிவிலக்கு," என்றார் கோதண்டபாணி கூசாமல்.

"இருபத்துமூணு ஒண்ணு போட்டாலும் உதைக்குது சார்."

அது யார் காதிலும் விழவில்லை. ராஜகோபால் அவசர அவசரமாகக் குருவுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

செவிலிமேடு போகும் பஸ்ஸில் மேரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் உளறியதைக்கூட மன்னிக்கலாம். அத்தனை பேர் கைதட்டினார்களே! திங்கட்கிழமை அந்த விதியையே மாணவிகளிடம் கொடுத்து, தவறு எங்கே என்று கேட்டாள். பெல் அடிப்பதற்குள் பின்வரிசை வடிவு கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு டீச்சர் இதச் சொன்னது?" என்று சிரித்தாள்.

"யாரோ ஒருத்தர்மா," என்றாள் மேரி. பெயரைச் சொல்லும் அளவுக்குக்கூட அந்த மனிதரை அவள் மதிக்கவில்லை.